இரட்டைக்கை வாள் இளைத்த கதை: விதிப்புத்தக வாளும் நிஜ வாளும்

#1 பகடைச்சித்தன்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) விளையாட்டின் விதிப்புத்தகங்களைப் பழசிலிருந்து புதுசு வரை அடுக்கி வைத்து, இரட்டைக்கை வாளின் எடையை மட்டும் பாருங்கள். 1978-இல் வந்த ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் 250 நாணய எடை. பத்து நாணயம் ஒரு பவுண்டு என்பது அந்தக் காலக் கணக்கு. ஆக 25 பவுண்டு. இரண்டாம் பதிப்பில் 15. மூன்றாம் பதிப்பு தொடங்கியபோதும் 15, அதுவே 3.5 ஆனதும் 8. ஐந்தாம் பதிப்பில் 6. வயது ஏற ஏற இளைத்தது இந்த விளையாட்டில் அது ஒன்றுதான்.

6 பவுண்டு என்றால் 2.7 கிலோ. 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கூலிப்படையினர் களத்தில் வீசிய பெருவாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோவுக்குள் இருந்தவை. எடை விஷயத்தில் புத்தகம் ஒருவழியாகச் சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. எடை மாறியதே தவிர, வாளை அளக்கும் முறை மாறவில்லை. அடி பட்டால் காயம் (டேமேஜ்) எவ்வளவு என்பதை ஆயுதத்துக்கான பகடை சொல்கிறது. கத்திக்கு டி4 (நாலுமுகப் பகடை), குறுவாளுக்கு டி6, லாங்ஸ்வோர்டுக்கு டி8, அதையே இரண்டு கையால் பிடித்தால் டி10, பெருவாளுக்கு 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை). பெரிய ஆயுதம், பெரிய பகடை. ஆனால் கழுத்தில் இறங்கியது கத்தியா பெருவாளா என்பது செத்தவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆயுதங்களுக்குள் நிஜமான வித்தியாசம் காயத்தில் இல்லை. யார் முதலில் எட்டுகிறார்கள், எதிராளி என்ன கவசம் போட்டிருக்கிறான், அந்த ஆயுதத்தோடு எந்த வாசலுக்குள் நுழைய முடியும், இதில்தான் இருக்கிறது. விதிகள் இது மூன்றையும் விட்டுவிட்டுக் காயத்தையே பிடித்துத் தொங்குகின்றன என்பது என் கட்சி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம். நல்ல விதியைக் கண்டவர்கள் இன்னும் சீக்கிரம் வரலாம்.

#2 இரும்புக்கை

ஹெமா (பழைய ஐரோப்பிய வாள்வித்தை) பயிற்சிக்குப் போகிறவன் என்ற முறையில் நான் வராவிட்டால் எப்படி.

முதலில் அந்த 25 பவுண்டுக்காக ஒரு வார்த்தை. அந்தப் பதிப்பின் நாணய எடை என்பது வெறும் எடை இல்லை. தூக்கிச் செல்லும் தொந்தரவு, பருமன் எல்லாம் சேர்த்துப் போட்ட எண். ஆறடி நீள இரும்பை முதுகில் கட்டிக்கொண்டு சுரங்கத்தில் ஊர்ந்து பார்த்தால் அந்த எண் அவ்வளவு அநியாயமாகத் தோன்றாது. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் அதை எடையாகவே எடுத்துக்கொண்டார்கள், பின்னால் வந்த பதிப்புகளும் பவுண்டு என்றே அச்சடித்தன. இன்னொரு காரணமும் உண்டு. அருங்காட்சியகங்களில் கண்ணில் படும் மிகப் பெரிய வாள்களில் பல, ஊர்வலத்தில் தூக்கிப் போகச் செய்தவை. அவை 4 கிலோவைத் தாண்டும். பியர் கெர்லோஃப்ஸ் டோனியாவின் வாள் என்று நெதர்லாந்தின் லேவார்டனில் வைத்திருப்பது 2.13 மீட்டர் நீளம், 6.6 கிலோ. அதைப் பார்த்துவிட்டு வந்தவன் எல்லா வாளும் அப்படித்தான் என்று நினைப்பதில் வியப்பில்லை.

என் குறை எடையில் இல்லை, ஐந்தாம் பதிப்பு லாங்ஸ்வோர்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ‘வெட்டு’ என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. நிஜ லாங்ஸ்வோர்டு 1.1 முதல் 1.8 கிலோ வரை இருக்கும், இரண்டு கைக்கும் பிடி உண்டு. அதால் வெட்டலாம், குத்தலாம். தகட்டுக் கவசம் போட்டவன் எதிரே வந்தால் வெட்டுவதையே மறந்துவிட வேண்டும், எஃகை எஃகு வெட்டாது. அப்போது இடது கையை அலகின் நடுவில் கொண்டுபோய்ப் பிடித்து, வாளைச் சின்ன ஈட்டி மாதிரி ஆக்கி, அக்குளிலோ முகமூடி இடுக்கிலோ முழங்காலுக்குப் பின்னாலோ நுனியை நுழைக்கப் பார்ப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் இரண்டு கையாலும் அலகையே பிடித்து, வாளைத் தலைகீழாக்கி, குறுக்குக்காப்பாலும் பிடிக் குமிழாலும் தலையில் மொத்துவார்கள். 1467-ஆம் ஆண்டின் டால்ஹோஃபர் வாள்வித்தைச் சுவடியில் படம் படமாக இருக்கிறது. 1410 வாக்கில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரேவும் கவசச் சண்டைக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்.

வெட்டு, குத்து, மொத்து மூன்றும் ஒரே ஆயுதத்தில். புத்தகத்தில் ஒன்றுதான்.

#3 மேசைத்தலைவன்

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிட்டீர்கள். டேமேஜ் பகடை காயத்தின் ஆழத்தை அளக்கிறது என்று யார் சொன்னது?

1974-இல் வந்த முதல் பெட்டியில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே ஆறுமுகப் பகடைதான். கத்தியும் டி6, இரட்டைக்கை வாளும் டி6. அடுத்த வருஷம் வந்த கிரேஹாக் இணைப்பில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. பகடைச்சித்தன் கேட்கும் உலகம் ஏற்கெனவே இருந்த உலகம். ஆட்டக்காரர்களுக்குத்தான் அது போதவில்லை.

அப்புறம் ஹிட் பாயிண்ட், அதாவது அடி விழ விழக் குறையும் உயிர்ப் புள்ளி. 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கேரி கைகாக்ஸ் தெளிவாகவே எழுதிவிட்டார். ஹிட் பாயிண்ட் சதையும் ரத்தமும் மட்டும் இல்லை. சாமர்த்தியம், அதிர்ஷ்டம், தாக்குப்பிடிக்கும் திறன் எல்லாம் சேர்ந்தது. அந்தப் பதிப்பில், எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டு ஒரு முழு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனையோ வீச்சு, தடுப்பு, ஒதுங்கல் நடக்கும். நீங்கள் போடும் பகடை அதன் மொத்த விளைவு. பெருவாளோடு ஒருவன் ஒரு நிமிஷம் உங்களைத் துரத்தினால் கத்திக்காரனைவிடச் சீக்கிரம் களைத்துப் போவீர்கள். பெரிய பகடைக்கு அதுதான் பொருள். அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

#4 பகடைச்சித்தன்

> மேசைத்தலைவன் எழுதியது: ஒரு ரவுண்டு ஒரு முழு நிமிஷம்.

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உங்கள் வாதமே உங்களைக் கவிழ்க்கிறது. மூன்றாம் பதிப்பு ரவுண்டை ஆறு விநாடி ஆக்கியது. பகடை அப்படியே நின்றுவிட்டது. ஆறு விநாடியில் நாலு தடவை தாக்கும் உயர்நிலை ஃபைட்டர் போடும் ஒவ்வொரு பகடையும் மேசையில் ஒரு வீச்சாகத்தான் தெரிகிறது. ‘வாள் உன் தோளில் பாய்கிறது, 11 டேமேஜ்’ என்று ஆட்டத்தை நடத்தும் எந்த ஜிஎம்தான் சொல்லாமல் இருக்கிறார்? ஒரு நிமிஷ அருவத்துக்காகச் செய்த பகடையை ஆறு விநாடி நிஜத்தில் உருட்டுகிறோம். இடிப்பது அங்கேதான்.

#5 கூர்முனை

கவசத்தைப் பற்றி யாரும் தொடாததால் நான் தொடுகிறேன்.

ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் உள்ள உறவை விதியாக்க முயற்சி நடக்காமல் இல்லை. அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வேர். 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் ஒருவருக்கு ஒருவர் சண்டைக்கு ஒரு அட்டவணை உண்டு. இந்த ஆயுதம், இந்தக் கவசம், இரண்டு பகடையில் இத்தனை வர வேண்டும். நீள ஆயுதக்காரனுக்கு முதல் மோதலில் முதல் அடி. பிறகு நெருங்கிவிட்டால் குட்டை ஆயுதத்துக்குச் சாதகம். பகடைச்சித்தன் கேட்கும் மூன்றில் இரண்டு அங்கேயே இருக்கிறது.

1978-இல் அதே யோசனை பெரிய அட்டவணையாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு ஆர்மர் கிளாஸுக்கும் (எதிராளியை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்) கூட்டல் கழித்தல். கூடவே ஆயுத வேகம், வீசத் தேவையான இடம். புத்தகத்தில் அழகாக இருந்தது. மேசையில் அதைப் பயன்படுத்தியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சோம்பேறித்தனம் ஒரு காரணம் என்றாலும் அது மட்டும் இல்லை. அட்டவணை ஆர்மர் கிளாஸ் எண்ணைப் பார்க்கிறது, ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் கவசம்தான் இருக்கிறது என்று என்ன நிச்சயம்? தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் 2. செதில் தோல் உள்ள ஒரு மிருகத்துக்கும் 2 இருக்கலாம், தொட முடியாத வேகத்தில் பறக்கும் ஒன்றுக்கும் 2 இருக்கலாம். தண்டாயுதத்துக்குத் தகட்டின்மேல் கிடைக்கும் சாதகம் பறக்கும் பூச்சியின்மேல் ஏன் கிடைக்க வேண்டும்? மனிதனும் மனிதனும் மோதும்போது வேலை செய்யும் விதி, நிலவறையில் மிருகங்கள் நுழைந்ததும் படுத்துவிட்டது.

ஆர்மர் கிளாஸ் என்ற ஒரே எண்ணில் ‘படவில்லை’, ‘பட்டது, ஆனால் நுழையவில்லை’ இரண்டையும் கலந்துவிட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த வாள் விதியும் நிஜத்துக்குக் கிட்டே வராது.

#6 நிலவறைவாசி

அவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். 1978-லேயே ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் அவிழ்த்துவிட்டது. படுவது ஒரு பகடை, தடுப்பது இன்னொரு பகடை, கவசம் டேமேஜிலிருந்து கழியும், எந்த உறுப்பில் பட்டது என்பதற்கும் தனிப் பகடை. எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவ் பெரின், கவசம் மாட்டிக்கொண்டு நிஜமாகவே கட்டையால் அடித்துக்கொள்ளும் எஸ்சிஏ (இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் அமைப்பு) கூட்டத்தில் இருந்தவர். அடி வாங்கியவர் எழுதிய விதி என்பது படித்தாலே தெரியும்.

நான் நெடுநாளாக ஆடுவது கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் நான்காம் பதிப்பு. அதில் ஒரு டர்ன் ஒரு விநாடி. பலம் 12 உள்ள கேரக்டர் ஒற்றைக்கை வாளை வீசினால் 1டி+3 (ஒரு ஆறுமுகப் பகடையோடு 3) வெட்டு டேமேஜ். எதிரே எஃகு உடற்கவசம் (கார்ஸ்லெட்), அது 6 புள்ளியை விழுங்கும். பகடையில் 1, 2, 3 விழுந்தால் சத்தம் மட்டும்தான். 6 விழுந்தால் மொத்தம் 9, அதில் 3 உள்ளே போகும், வெட்டுக்காயம் ஒன்றரை மடங்கு, பின்னத்தைத் தள்ளினால் 4. சரி, இது போதாது, இடுக்கில் குத்துகிறேன் என்றால் மார்பில் குறிவைக்கத் திறமையிலிருந்து 8 கழியும். கவசம் பாதியாகக் கணக்காகும், நுழைந்த குத்து இரட்டிப்பாகும். திறமை 16 உள்ள நல்ல வாள்வீரன்கூட மூன்று பகடையில் 8-க்குள் போட வேண்டும். ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு.

இரும்புக்கை சொன்ன அக்குள் குத்து விதியாகவே இருக்கிறது, பாருங்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறைதான். 6 விழுந்தால் வாள் எஃகைப் பிளந்துவிடுகிறது. அது நடக்கக் கூடாது.

#7 இரும்புக்கை

நடக்கக் கூடாதுதான். ஆனால் வாள் நுழையாவிட்டாலும் அதிர்ச்சி நுழையும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

நான் தூரத்தைப் பற்றிப் பேச வந்தேன். ஈட்டிக்காரனுக்கு எதிரே வாளோடு நின்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பயிற்சி ஈட்டிதான், முனையில் ரப்பர். அந்த ரப்பர் குண்டு உங்கள் முகத்துக்கு முன்னால் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தட்டிவிட வாளைக் கொண்டுபோனால் அது கீழே நழுவி இன்னொரு பக்கம் வந்து நிற்கும். அவன் மணிக்கட்டை ஒரு அங்குலம் அசைத்தால் போதும், முனை ஒரு அடி நகரும். நீங்களோ முழு வாளையும் நகர்த்தியாக வேண்டும். ஒருவழியாகத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தால், அவன் ஈட்டியைப் பின்னால் இழுத்துக் கையை முன்னால் வழுக்கவிட்டுக் கொள்வான். ஆறடி ஈட்டி மூன்றடி ஆகிவிடும். பத்துச் சண்டையில் பெரும்பாலும் ஈட்டிக்குத்தான் வெற்றி. 1599-இல் எழுதிய ஆங்கில வாள் ஆசான் ஜார்ஜ் சில்வரும் குட்டைக் கோலுக்கும் கொக்கி ஈட்டி வகைகளுக்கும்தான் வாளைவிட மேலான இடம் கொடுக்கிறார்.

இப்போது ஐந்தாம் பதிப்பைத் திறங்கள். ஈட்டி, டி6. எட்டும் தூரம் 5 அடி. கத்திக்கும் 5 அடி! ஹால்பர்டுக்கு (நீளக் கம்பில் கோடாலி) பத்தடி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எதிராளி அந்தப் பத்தடிக்குள் நுழைந்து வரும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே போகும்போதுதான் வாய்ப்புத் தாக்குதல், அதாவது உங்கள் முறை இல்லாதபோதும் ஒரு இலவச அடி. நிஜத்தில் நீள ஆயுதம் இருப்பதே உள்ளே வருகிறவனை நிறுத்தத்தான். அதைச் செய்ய போல்ஆர்ம் மாஸ்டர் என்று தனியாக ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) எடுக்க வேண்டுமாம். ஈட்டியின் அடிப்படை வேலைக்கே சிறப்புப் பயிற்சி.

#8 நிலவறைவாசி

3.5-இல் இது சரியாக இருந்தது. நீள ஈட்டிக்காரன் பத்தடியில் தாக்குவான். அவன் ஆளும் கட்டத்தை விட்டு நகர்ந்தாலே வாய்ப்புத் தாக்குதல் உண்டு என்பதால், பத்தடியிலிருந்து ஐந்தடிக்கு வருகிறவனும் ஒரு குத்து வாங்கித்தான் வர வேண்டும். வந்துவிட்டால் ஈட்டிக்காரனால் பக்கத்தில் நிற்பவனைத் தாக்க முடியாது. எளிமை என்ற பெயரில் தூக்கிப் போட்டார்கள்.

#9 கத்தரிக்கோல்

இத்தனை நேரமாகியும் ஜப்பானிய வாளான கடானா வரவில்லையே, இழை சரியாகத்தான் ஓடுகிறதா?

#10 மேசைத்தலைவன்

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிடும். மூன்றாம் பதிப்பு வழிகாட்டியில் கடானாவுக்குத் தனி எண்கள் கிடையாது. நல்ல வேலைப்பாடுள்ள பாஸ்டர்ட் ஸ்வோர்டாக (ஒன்றரைக்கை வாள்) வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி. போர்க்களத்தில் சாமுராய்க்கும் ஈட்டியும் வில்லும்தான் முதல் ஆயுதம், கடானா இடுப்பில் இருந்த துணை ஆயுதம். இதற்கு மேல் கடானா பேச வேண்டுமானால் தனி இழை தொடங்கவும்.

#11 வில்லாளி

என் புகாரையும் பதிந்துகொள்ளுங்கள். விதிப்புத்தகத்துக்கு ரேப்பியர் (குத்துவதற்கான நீண்ட மெல்லிய வாள்) என்றால் சுறுசுறுப்பு, லாங்ஸ்வோர்டு என்றால் பலம். ரேப்பியருக்கு ஃபினெஸ் (பலத்துக்குப் பதில் சுறுசுறுப்பைக் கூட்டும் சலுகை) உண்டு, எடை 2 பவுண்டு. நிஜத்தில் ரேப்பியர் 1 முதல் 1.4 கிலோ, அலகு மட்டும் ஒரு மீட்டரைத் தாண்டும். அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதே எடையை லாங்ஸ்வோர்டுக்காரன் இரண்டு கையால் நெம்புகோலாக இயக்குகிறான், முனை சட்டென்று திரும்பும். முன்கை முதலில் எரிவது ரேப்பியர்காரனுக்குத்தான்.

வில்லைப் பற்றிப் பேசினால் வயிறே எரிகிறது. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 100 முதல் 185 பவுண்டு விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் இறந்தவர்கள் சிலரின் தோள்பட்டை எலும்பில் காணும் மாற்றத்தைக்கூட ஆய்வாளர்கள் சிறு வயது முதல் வில் இழுத்த பழக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். விதிப்புத்தகத்திலோ பலம் 8 உள்ள நோஞ்சான் எல்ஃப் நெடுவில்லை இழுத்து விடுவான், டேமேஜுக்கும் சுறுசுறுப்பையே கூட்டிக்கொள்வான்.

#12 மேசைத்தலைவன்

வில்லாளி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் இங்கே வரலாறு கேட்பதை அப்படியே கொடுத்தால் ஆட்டம் செத்துவிடும். எல்லாவற்றுக்கும் பலம் என்றால் எல்லோரும் ஒரே கேரக்டரைத்தான் செய்வார்கள்.

ஆனாலும் ஐந்தாம் பதிப்பு எல்லை மீறிவிட்டது என்பது உண்மை. சுறுசுறுப்பு ஏற்கெனவே ஆர்மர் கிளாஸ் தருகிறது, யார் முந்துவது என்பதைத் தீர்மானிக்கிறது, பதுங்க உதவுகிறது. டேமேஜையும் அதற்கே கொடுத்தால் பலம் எதற்கு? மூன்றாம் பதிப்பில் நடுவழி ஒன்று இருந்தது. வெப்பன் ஃபினெஸ் ஃபீட் எடுத்தால் படுவதற்குச் சுறுசுறுப்பு, டேமேஜுக்குப் பலம்தான். பலத்தைக் கூட்ட வேண்டும் என்றால் அதற்கேற்ப இறுக்கமாகச் செய்த கூட்டு வில் வாங்க வேண்டும், இழுக்கப் பலம் போதாவிட்டால் குறி தப்பும். நிஜத்துக்கும் பக்கம், ஆட்டத்துக்கும் கெடுதல் இல்லை.

#13 சிவப்புப்பகடை

2002-இல் வந்த ரிடில் ஆஃப் ஸ்டீல் என்ற ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எழுதியவர் தானே பழைய ஐரோப்பிய வாள்வித்தை பயின்றவர். அதில் சண்டை இப்படித் தொடங்கும். இரண்டு பேரும் கைக்குள் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளைப் பகடையை மறைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஒன்றை மேசையில் போட வேண்டும். சிவப்பு என்றால் தாக்குகிறேன், வெள்ளை என்றால் தடுக்கிறேன். இரண்டும் வெள்ளை என்றால் ஒருவரையொருவர் சுற்றி வருகிறார்கள். இரண்டும் சிவப்பு என்றால் மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இரண்டு பேருமே சாகலாம்.

அப்புறம் ஆளுக்கு ஒரு பிடி பகடை. அதைத் தாக்குதலுக்கு எவ்வளவு, தடுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் செலவழிக்க வேண்டும், இரண்டு மோதலுக்கு ஒரு முறைதான் நிரம்பும். குட்டை ஆயுதக்காரன் நீள ஆயுதத்தைத் தாண்டப் பகடையைக் கப்பமாகக் கட்ட வேண்டும். அடிபட்டால் வலியும் அதிர்ச்சியும் பகடையைத் தின்றுவிடும். முதல் காயமே பெரும்பாலும் முடிவு. ஆயுதங்களின் வித்தியாசம் டேமேஜில் இல்லாமல் தூரத்திலும் நேரத்திலும் இருக்கும் விதி வேண்டும் என்றால், அது இருபது வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஆறு பேர் சண்டையை ஓட்டிப் பாருங்கள், அழுகை வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

#14 இரும்புக்கை

சிவப்பும் சிவப்பும்! ஹெமா போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுவதுதான் தினசரித் தலைவலி. டி&டி-யில் அது நடக்கவே முடியாது, என் முறை, உன் முறை என்று வரிசை. இரண்டு அலகும் ஒட்டி நிற்கும் அந்தக் கணத்தில் அவன் அழுத்துகிறானா தளர்கிறானா என்பது மணிக்கட்டில் தெரியும். அழுத்தினால் நழுவி மறுபக்கம் போக வேண்டும், தளர்ந்தால் நேரே குத்த வேண்டும். லீஹ்டெனவர் என்ற பழைய ஆசான் வழி ஜெர்மன் நூல்களில் பாதி இதைப் பற்றித்தான். மறைத்து வைத்த பகடை அந்த ஊகத்துக்கு மிக அருகில் வருகிறது.

‘முதல் காயமே முடிவு’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 1613-இல் எட்வர்ட் சாக்வில், எட்வர்ட் புரூஸ் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். சாக்வில்லுக்குக் கைவிரலே போய்விட்டது, வேறு காயங்களும் உண்டு. விடாமல் சண்டை போட்டுப் புரூஸைக் கொன்றுவிட்டு அவர் பிழைத்துக்கொண்டார். குத்துப்பட்டவன் உடனே விழுவதில்லை. ஹிட் பாயிண்ட் முழுப் பொய் இல்லை.

#15 கூர்முனை

எலும்புகளும் சாட்சி சொல்கின்றன. 1361-இல் ஸ்வீடனின் விஸ்பியில் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகளில் கீழ்க்கால் எலும்புகளில் வெட்டுகள் மிக அதிகம். 1461-இல் இங்கிலாந்தில் நடந்த டௌட்டன் போரின் புதைகுழியில் அடிகள் பெரும்பாலும் தலையில். கால் வெட்டுக்கு டி&டி-யில் விதியே இல்லை என்பது இருக்கட்டும், எனக்கு ஆச்சரியம் வேறு. எல்லோரும் நெஞ்சில் குத்துவதைத்தான் கற்பனை செய்கிறோம். அங்கேதான் கவசமும் கேடயமும் இருந்தன.

பகடைச்சித்தன் சொன்ன மூன்றாவது விஷயத்தை யாருமே எடுக்கவில்லை. வாளின் நிஜப் பலம் அது இடுப்பில் தொங்குவதுதான். ஹால்பர்டு வாளைவிட நல்ல ஆயுதம், சரி, அதோடு நீதிமன்றத்துக்குள் போக முடியுமா? ஒரு கையில் ஈட்டியோடு ஏணி ஏற முடியுமா? வாள் எதிலும் முதலிடம் இல்லை, எல்லா இடத்திலும் கூட இருக்கும். கைப்பேசிக் கேமரா மாதிரி. நம் ஆட்டங்களில் கேரக்டர்கள் அரசவைக்கும் சத்திரத்துக்கும் படுக்கைக்கும் முழு ஆயுதத்தோடு போகிறார்கள். அதனால் வாளின் ஒரே சாதகம் காணாமல் போகிறது. அதை ஈடுகட்டத்தான் டி8 லஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

#16 புதுமுகம்

எல்லாவற்றையும் படித்தேன், அண்ணன்மார்களே. நான் இப்போதுதான் ஐந்தாம் பதிப்பு ஜிஎம் ஆகியிருக்கிறேன். ஆட்டத்தை மாற்ற என் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. இருக்கிற விதியில் எதைத் தொட்டால் பலன் அதிகம்? 2024 புத்தகத்தில் மாஸ்டரி என்று ஏதோ சேர்த்திருக்கிறார்களே, அது போதாதா?

#17 பகடைச்சித்தன்

மாஸ்டரி பகடையை விட்டு வெளியே வரும் முதல் அடி, அந்த வகையில் நல்லது. லாங்ஸ்வோர்டு அடித்தால் எதிராளியின் அடுத்த தாக்குதல் தடுமாறும், பெருவாள் தவறினாலும் கொஞ்சம் கீறும், போர்ச்சுத்தியல் தள்ளிவிடும், போர்க்கோடாலி கீழே விழவைக்கும். ஆனால் எதிராளி என்ன போட்டிருக்கிறான், எங்கே நிற்கிறான் என்று அது கேட்பதில்லை. துணியின்மேலும் தகட்டின்மேலும் ஒரே தந்திரம்.

பகடையைத் தொடாதீர்கள், டி8 டி8-ஆகவே இருக்கட்டும். லாங்ஸ்வோர்டுக்காரன் ஒவ்வொரு அடியிலும் வெட்டா குத்தா என்று தேர்ந்தெடுக்கட்டும். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் அது விதியாகவே இருக்கிறது, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இரண்டு கையும் இருந்தால் தலைகீழாகப் பிடித்து டி6 மொத்து. ஈட்டி போன்ற நீள ஆயுதத்தை நோக்கி நெருங்குகிறவன் நுழையும்போது ரியாக்ஷனாக ஒரு குத்து வாங்கட்டும், உள்ளே வந்துவிட்டால் ஈட்டிக்காரனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). எங்கே ஆயுதம் கொண்டுபோகலாம் என்பதைக் கதையில் கறாராக வையுங்கள். அதற்கு விதியே வேண்டாம், ஒரு வாசற்காவலன் போதும்.

#18 மேசைத்தலைவன்

ஈட்டி விதியை அப்படியே விட்டால் முதல் வாரமே ஆடுகிறவர்களின் கூட்டம் முழுக்க அழியும். எட்டுக் கோப்ளினுக்கு (குட்டி அரக்கர்கள்) எட்டு ஈட்டி கொடுங்கள். உள்ளே நுழையும் பார்பேரியன் எட்டுக் குத்து வாங்குவான்.

#19 இரும்புக்கை

அதுதானே வரலாறு!

#20 மேசைத்தலைவன்

வரலாறு சரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வர வேண்டாமா? ஒரு திருத்தம் போடுங்கள். தன் முறையில் நகராமல் நின்ற ஈட்டிக்காரனுக்கு மட்டும் அந்தக் குத்து. கேடயம் வைத்திருப்பவன் நுழைந்தால் குத்து கிடையாது. கேடயத்துக்கு வெறும் +2 கொடுத்து நெடுநாளாக அவமானப்படுத்துகிறோம், அதற்கும் ஒரு கௌரவம் கிடைத்த மாதிரி இருக்கும்.

#21 இரும்புக்கை

இது பிரமாதம். ஈட்டிக்கு எதிரே கேடயம் இருந்தால் ஆட்டமே வேறு. முனையைக் கேடயத்தில் வாங்கிக்கொண்டே உள்ளே நடக்கலாம்.

#22 புதுமுகம்

எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம். அடுத்த அமர்வில் எலும்புக்கூடுகள் வருகின்றன, மொத்து டேமேஜ் அவற்றுக்கு இரட்டிப்பு. லாங்ஸ்வோர்டு வைத்திருக்கும் பெண் வாளைத் தலைகீழாகப் பிடித்து மொத்துகிறேன் என்றால் டி6 இரட்டிப்பாகி வெட்டைவிட அதிகமாகிவிடும். விடலாமா? கையுறை இல்லாமல் அலகைப் பிடித்தால் கை வெட்டாதா என்று இன்னொருவன் கேட்பான்.

#23 இரும்புக்கை

தாராளமாக விடுங்கள், தலைகீழ்ப் பிடி கண்டுபிடித்ததே வெட்டுக்கு மசியாத எதிராளிக்காகத்தான். கையுறை வேண்டியதில்லை. டால்ஹோஃபர் படங்களில் கவசம் இல்லாதவர்களும் வெறுங்கையோடு பிடித்திருக்கிறார்கள். அலகை இறுக்கிப் பிடித்தால் வெட்டாது, கைக்குள் வழுக்கினால்தான் வெட்டும். அவள் 1 போட்டால் வழுக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள், டி4 அவளுக்கு.